கடல்நீரைச் சோதிக்க மட்டும் காசு

அமெரிக்காவில் 2000 அக்டோபரில் வந்த கடற்கரைச் சட்டம், கடலோர மாநிலங்களுக்கும் பேரேரிகளை ஒட்டிய மாநிலங்களுக்கும் மானியம் தருகிறது. மக்கள் குளிக்கும் இடங்களில் நீரைச் சோதிக்கவும், கிருமி மிகுந்தால் எச்சரிக்கவும்தான் இந்தப் பணம். அதற்கு முன் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் அளந்தது. சில இடங்களில் அளக்கவே இல்லை. பிள்ளைகளைக் கடலில் இறக்கும் பெற்றோருக்குத் தண்ணீரின் நிலையைத் தெரிந்துகொள்ள வழிசெய்தது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் 2005 நிதியாண்டு வரை ஆண்டுக்கு 3 கோடி டாலர் வரை கொடுக்கலாம் என்றது சட்டம். கைக்கு வருவதோ பெரும்பாலும் ஒரு கோடியை ஒட்டித்தான். இருபது ஆண்டுகளில் விலைவாசி எவ்வளவோ ஏறியும் இந்தத் தொகை அசையவில்லை. மானியத்தை அடியோடு நிறுத்திவிடலாம் என்று வெள்ளை மாளிகையே முன்மொழிந்த ஆண்டுகளும் உண்டு.

பணத்தைவிடக் காலதாமதம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. வழக்கமான சோதனையில் பாக்டீரியாவை வளர்த்து எண்ண ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். எச்சரிக்கைப் பலகை ஊன்றப்படும்போது, அசுத்த நீரில் குளித்தவர்கள் முந்தைய நாளே வீடு திரும்பியிருப்பார்கள். சான் டியாகோ மாவட்டம் 2022இல் மரபணுச் சோதனைக்கு மாறியது. அன்றன்றே முடிவு தெரிந்தது. விளைவு, தென்கோடிக் கரைகள் முன்னைவிட அதிக நாட்கள் மூடப்பட்டன. வணிகர்கள் கொதித்தார்கள். சோதனை அளவுக்கு மீறிக் கடுமையாக இருக்கிறது என்ற வாதமும் எழுந்தது. அந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. மெக்சிகோவின் திஹுவானாவிலிருந்து ஆற்றுவழியே வரும் கழிவுநீர் அங்கே கடலில் கலக்கிறது. அங்குள்ள இம்பீரியல் பீச் நகரின் கரை ஆயிரம் நாட்களுக்கு மேல் தொடர்ந்து மூடிக் கிடந்தது அந்தக் கழிவால்தான்.

இங்கேதான் சட்டத்தின் அடிப்படைக் குறை தெரிகிறது. மாசைக் கண்டறிய ஒரு நிதி. சாக்கடையைச் சீரமைக்க வேறொரு நிதி, அதுவும் பெரும்பாலும் கடனாக. ஒரே கரை ஆண்டுக்கணக்கில் சோதனையில் தோற்றாலும், அந்தத் தோல்வி எந்தக் குழாயையும் மாற்ற வைப்பதில்லை. மாசின் ஊற்றைத் தேடவும் மானியத்தைச் செலவிடலாம் என்ற திருத்தத்தைப் பிரதிநிதிகள் அவை 2008இல் ஏற்றது; ஆனால் அது சட்டமாகவில்லை. மானியத் தொகையைக் கூட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய திருத்தம் அது. மழைநீர் வடிகாலில் எந்தத் தெருவின் கழிவு கலக்கிறது என்று தெரிந்தால்தான், எந்த நகராட்சியிடம் போய்க் கேட்பது என்று அந்தக் கரையின் மக்களுக்குத் தெரியும்.