பதிவேட்டின் ஓரத்தில்

கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு கொடுப்பதைக் குறைசொல்பவர்கள் பெரும்பாலும் சம்மதத்தில்தான் தொடங்குவார்கள். பேச்சே வராத பிள்ளைக்காக ஞானப்பெற்றோர் விசுவாச அறிக்கை சொல்வது எந்த ஊர் நியாயம் என்பார்கள். கேள்வி வலுவானதுதான், ஆனால் பழுது அங்கே இல்லை. தாய்மொழியையும் பெயரையும்கூட நம்மைக் கேட்டுக் கொடுக்கவில்லை. அருள் என்பது உழைத்துப் பெறுவதல்ல, கேட்பதற்கு முன்பே வந்து சேர்வது என்ற நம்பிக்கையை இந்தச் சடங்கு ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் சொல்லிவிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை. சாவு ஆபத்தில் உள்ள குழந்தையைத் தவிர மற்றவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இசைய வேண்டும். பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்று நம்ப இடமிருக்க வேண்டும். இல்லையென்றால் தள்ளிப்போட வேண்டும்.

என் குறை வேறு. பெயர் பிடிக்காவிட்டால் அரசிதழில் விளம்பரம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். திருமுழுக்குக்கு அப்படி ஒரு வழி இல்லை. திருமுழுக்கு ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கிறது என்று 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தது. அது நம்பிக்கை, நம்பாதவருக்கு அதனால் கேடில்லை. ஆனால் அழியாத முத்திரையையும் உறுப்பினர் கணக்கையும் திருச்சபை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டது. அவிழ்க்கவே முடியாத முடிச்சல்ல என்பதற்கு அதன் சட்டமே சாட்சி. கத்தோலிக்கர் ஒருவர் குருவும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் செய்யும் திருமணம் பொதுவாகச் செல்லாது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, முறைப்படி திருச்சபையை விட்டு விலகியவர்களுக்கு இதிலிருந்து விலக்கு அளித்தது. எது முறைப்படியான விலகல் என்ற குழப்பம் நீண்டது. உள்ளத்தில் முடிவு, அதை எழுத்தில் அறிவித்தல், திருச்சபை அதிகாரி அதை ஏற்றுக்கொள்ளல் ஆகிய மூன்றும் வேண்டும் என்று 2006-இல் வத்திக்கான் விளக்கியது. மூன்றே ஆண்டில், 2009 அக்டோபரில், பதினாறாம் பெனடிக்ட் அந்த விதிவிலக்கையே நீக்கிவிட்டார். விலகலை உறுதிசெய்வது கடினம், திரும்பிவர விரும்புவோருக்கு இது தடையாகிறது என்று காரணங்கள் சொல்லப்பட்டன. பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் எல்லாமே திருமண வழக்குகளை மனத்தில் வைத்துச் சொன்னவை. விலகுகிறவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கொண்டுவந்தபோதும் யோசிக்கப்படவில்லை, எடுத்தபோதும் யோசிக்கப்படவில்லை.

"கோயிலுக்குப் போகாமல் இருந்துவிட்டால் போயிற்று, யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். பலருக்கு அது போதும்தான். ஆனால் ஏடு பேசும் இடங்களில் போதாது. ஜெர்மனியில் உறுப்பினராகப் பதிவான கத்தோலிக்கர் தம் வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காட்டைத் திருச்சபை வரியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். நிறுத்த வேண்டுமானால் அரசு அலுவலகத்தில் விலகலைப் பதிய வேண்டும். 2022-இல் மட்டும் 5,22,821 கத்தோலிக்கர் அப்படி வெளியேறினார்கள். விலகியவர்களுக்கு அருளடையாளங்கள் கிடையாது என்று அந்நாட்டு ஆயர்கள் 2012-இல் ஆணையிட்டார்கள். பணம் என்று வந்ததும் விலகலுக்கு அங்கே தேதி உண்டு, படிவம் உண்டு, விளைவும் உண்டு! நம் பக்கத்தில் சிக்கல் சாதிச் சான்றிதழில் வருகிறது. கிறிஸ்தவத் தாய்க்கும் இந்துத் தந்தைக்கும் பிறந்து, கைக்குழந்தையாகவே ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தொடுத்த வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் தொடர்ந்து கிறிஸ்தவ வழிபாட்டில் இருந்ததாக விசாரணையில் தெரிந்ததால், தீர்ப்பு ஞானஸ்நானத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. ஆயினும் இந்து மதத்துக்குத் திரும்பியதற்குப் பகிரங்க அறிவிப்போ சடங்கோ நம்பத்தக்க ஆவணமோ இல்லை என்பதும் அங்கே எடைபோடப்பட்டது. உள்ளே வந்ததற்கு ஏடு இருக்கிறது. வெளியே போனதற்குச் சான்று தேடும் வேலை போனவர் தலையில்.

வளர்ந்த பிறகு உறுதிபூசுதலில், சீர்திருத்த சபைகளில் திடப்படுத்தலில், அவரே வாய்திறந்து ஏற்கிறாரே என்பது இன்னொரு பதில். கிழக்குத் திருச்சபைகள் பலவற்றில் அதையும் கைக்குழந்தைக்கே கொடுத்துவிடுகிறார்கள். இலத்தீன் முறையிலும் புத்தி விவரம் தெரியும் வயதே போதும். வீட்டில் விருந்துக்குச் சொல்லியாகிவிட்ட நாளில் ஒரு பள்ளிப் பிள்ளை "எனக்கு வேண்டாம்" என்று சொல்வதை எதிர்பார்க்கிறோமா? மீறிச் சொன்னாலும் அந்தப் பிள்ளை கணக்கிலிருந்து நீங்குவதில்லை.

இதற்குத் தீர்வு பெயரை அடிப்பது என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். நார்மண்டியில் 1940-இல் திருமுழுக்கு பெற்ற ஒருவரின் பதிவை நீக்கும்படி கூத்தான்ஸ் நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது; மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 2014-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் திருச்சபைப் பக்கமே நின்றது. இதில் நீதிமன்றம் செய்தது சரி என்பேன். அந்த நாளில் அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றியது நடந்த செய்தி. நடந்ததை நடக்கவில்லை என்று ஏடு சொல்லக்கூடாது. அவர் கேட்டபடி 2001-லேயே, திருமுழுக்கைத் துறந்துவிட்டார் என்று பதிவின் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் குறிக்கப்படுவது அந்த ஓரத்தில்தான், வடிவம் பொருத்தமானதே. ஆனால் மற்றக் குறிப்புகளுக்கு விளைவு உண்டு. திருமணக் குறிப்பு இருந்தால் இன்னொரு திருமணம் நடத்த மாட்டார்கள். இன்று ஒரு கத்தோலிக்கர் அதே ஓரத்தில் தம் விலகலை எழுதவைத்துவிட்டுப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டால், விட்டு வந்த திருச்சபையின் சட்டப்படி அது இன்னும் செல்லாத கல்யாணம்தான்.