இரண்டு வருஷத்துப் பூங்கொத்து

லண்டன் நேஷனல் காலரியில் யான் வான் ஹைசும் என்ற டச்சுக்காரர் வரைந்த தைல வர்ணச் சித்திரம் ஒன்று இருக்கிறது. சுட்ட மண் ஜாடி நிறையப் பூக்கள். கீழே முட்டைகளோடு ஒரு பறவைக் கூடு. விஷயம் அவ்வளவுதான். நான் பிரதியில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சித்திரத்தில் 1736, 1737 என்று இரண்டு வருஷங்கள் குறித்திருப்பது என்னை யோசிக்க வைத்தது.

ஒரு பூ ஜாடிக்கு இரண்டு வருஷமா? காரணம் இருக்கிறது. வசந்தத்தில் பூக்கும் டூலிப்பையும் கோடையில் பூக்கும் மலர்களையும் ஒரே ஜாடியில் சேர்த்து வரைவது டச்சுச் சித்திரக்காரர்களின் வழக்கம். பலர் பழைய மாதிரிப் படங்களைப் பார்த்து வேலையை முடித்துக்கொண்டார்கள். வான் ஹைசுமுக்கு அது போதவில்லை. உயிருள்ள பூ எதிரே இருக்க வேண்டும். மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படம் முடியவில்லை என்று ஒரு சமயம் கடிதமே எழுதியிருக்கிறார்.

"எந்த வீட்டு மேஜையிலும் இருந்திராத பூங்கொத்து இது, ஆகவே பொய்" என்று சில ரசிகர்கள் சொல்வதுண்டு. நான் ஒப்ப மாட்டேன். சேர்க்கைதான் கற்பனை, ஒவ்வொரு பூவும் நிஜம். கதை எழுதுகிறவன் செய்வதும் இதுதானே? ஒருவருடைய முகம், இன்னொருவருடைய பேச்சு, வேறொரு தெருவில் நடந்த சண்டை. சேர்ப்பதில் பாவமில்லை. பார்க்காத ரோஜாவைப் பார்த்ததாக எழுதுவதுதான் பாவம். வாசகர் அதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்.

ஆனாலும் இந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வோர் இதழும் "என்னைப் பார்" என்று கூப்பிடுகிறது. கண்ணுக்கு ஓய்வே இல்லை. அதே காலரியில் வான்கோ 1888-இல் வரைந்த சூரியகாந்திகளும் இருக்கின்றன. பூ வாடுவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று அவசரம் அவசரமாக வரைந்தவை. அவற்றில் சில தலை தொங்கிவிட்டன. அந்த வாட்டம் நம்மைத் தொடுகிறது. வான் ஹைசுமின் பொறுமையைக் கண்டு வியக்கிறேன். வான்கோவின் பதற்றத்தில் என் மனம் கரைகிறது.

இருந்தும், மேஜையில் எழுத உட்காரும்போது எனக்குத் துணை முன்னவர்தான். பதற்றம் தானாக வருவது, வரவழைக்க முடியாது. காத்திருப்பதை மட்டும் யாரும் பழகிக்கொள்ளலாம். பாதி எழுதிய கதை ஒன்று ஒரு வருஷமாக என் பெட்டியில் கிடக்கிறது. அதற்குரிய மஞ்சள் ரோஜா இன்னும் பூக்கவில்லை.