மூன்று கை மாலுமி

1966-ல் வந்த ‘ஸ்டார் டிரெக்’ நாடகத் தொடரில் வேற்றுக்கிரகவாசி என்றால் பெரும்பாலும் கூர்காது ஒட்டிய மனிதர்தான். ஒப்பனையின் எல்லை அவ்வளவே. 1973-ல் ஃபில்மேஷன் நிறுவனம் அதைக் கார்ட்டூனாக்கியபோது, விண்கல மாலுமி செக்கோவின் நாற்காலியில் மூன்று கை, மூன்று காலோடு அரெக்ஸ் என்ற வேற்றுக்கிரகவாசி வந்து உட்கார்ந்தார். தூரிகைக்கு மூன்றாவது கை ஒரு கோடுதானே!

இந்தக் கார்ட்டூனில் அசைவு குறைவு, ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறது என்பது நியாயமான குறை. ஆனால், அசையாத படத்தில்தான் கண் உருவத்திலும் நிறத்திலும் நின்று மேய்கிறது. பூனைமுகப் போர்வீரர்களான கிசின்டிகளுக்கு இளஞ்சிவப்பு உடையா என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடித்ததே அதுதான். முரட்டு வீரனுக்குக் கறுப்பும் சாம்பலும் என்பது பூமியின் வழக்கம். வேறொரு கோள் அதை ஏன் மதிக்க வேண்டும்?