ஓடும் ஈயம், ஓடாத ஈயம்

இங்கிலாந்தில் கெண்டைக்குத் தூண்டில் போடுகிறவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு: ஈயக்குண்டை நரம்பில் ஓடவிடுவதா, ஒரே இடத்தில் நிறுத்துவதா?

நிறுத்தும் முறையில் உழைப்பு முழுவதும் ஈயத்துடையது. குளத்தடியில் இரையை உறிஞ்சும் கெண்டையின் உதட்டில் முள் உறுத்துகிறது. தலையை உதறினால் 80, 90 கிராம் ஈயம் எதிர்த்து இழுக்கிறது. மிரண்டு பாயும் வேகத்தில் முள் தானாகவே ஏறிவிடுகிறது. பிடிப்பவர் கூடாரத்துக்குள் குறட்டை விடலாம், நரம்பு இழுபட்டதும் ஒலிக்கும் மின்மணி எழுப்பிவிடும். (அந்த மணிக்கு முன்னோடி, 1952-இல் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டுக் கெண்டையைப் பிடித்த ரிச்சர்ட் வாக்கர்.) 1980 வாக்கில் லென்னி மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற தூண்டில்காரர்கள் இரையை முள்ளில் குத்தி மறைக்காமல் அதிலிருந்து மெல்லிய இழையில் தொங்கவிட்ட பிறகு நிறுத்தும் முறை கொடிகட்டிப் பறந்தது.

ஓடும் ஈயத்தில் நரம்பு வளையத்தினூடே வழுக்கிச் செல்வதால் மீனுக்குச் சுமை அவ்வளவாகத் தெரியாது. அது எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சேதி கரைக்கு வரும். ஆனால் சமயம் பார்த்துக் கோலை உயர்த்துவது நம் பொறுப்பு. என் ஓட்டு இதற்குத்தான். பலமுறை பிடிபட்டு விடப்பட்ட கிழட்டுக் கெண்டைகள் நிறுத்திய ஈயத்தின் முரட்டு இழுப்பை எளிதில் மறப்பதில்லை.

எதுவானாலும், நரம்பு அறுந்தால் ஈயம் கழன்று விழ வேண்டும். இல்லையேல் மீன் அதை இழுத்துத் திரிந்து பாசியில் சிக்கிச் சாகும். இறுக முடிந்த ஈயத்தைப் பல குளங்கள் அனுமதிப்பதில்லை. அதனால் இன்றைய ‘நிறுத்திய’ ஈயம், பிளாஸ்டிக் கொக்கியில் அரைமனதாகத்தான் தொங்குகிறது.