பட்டா நிலத்துப் பந்தயம்

திருப்பதி பாலாஜி காலனியில் என் அக்கா மகன் தங்கியிருக்கும் அறையில் இரவு பத்து மணிக்கு மேல் பேச்சு மூன்று மொழிகளில் நடக்கும். "ரைட்ல ஒக்கடு உன்னாடு" என்று தெலுங்கில் ஓர் எச்சரிக்கை. "மச்சான், நில்லு நில்லு" என்று தமிழில் ஒரு தடை. நடுவே "ரஷ் கரோ" என்று இந்தியில் ஓர் ஆணை. நான்கு பையன்கள், நான்கு போன்கள். எல்லாரும் சித்தூரிலிருந்து படிக்க வந்தவர்கள். போனின் முதுகில் சூடு தணிக்க ஒரு குட்டி மின்விசிறி கவ்வியிருக்கிறது. வியர்வை திரையில் ஒட்டாமலிருக்கக் கட்டைவிரல்களில் துணி உறை. பிஜிஎம்ஐ என்ற போன் துப்பாக்கிச்சண்டை விளையாட்டை விளையாடுகிறார்கள் என்று சொன்னால் கோபம் வரும். ஸ்க்ரிம்ஸ், அதாவது பயிற்சி ஆட்டம் என்று சொல்ல வேண்டும்.

இந்தத் தொழில்முறைப் போட்டிகள் மேல் எனக்கு உள்ள மரியாதைக்குக் காரணம் அவற்றின் வாசல். மாவட்ட அளவில் கிரிக்கெட் ஆட மட்டை, பயிற்சிக் கட்டணம், பேருந்துச் செலவு, முடிந்தால் தெரிந்தவர் ஒருவரும் வேண்டும். பிஜிஎம்ஐக்கான இந்தியத் தொடரான பிஜிஐஎஸ்ஸின் ஆரம்பச் சுற்றுகள் விளையாட்டுக்குள்ளேயே நடக்கின்றன. நால்வர் சேர்ந்து பதிவு செய்தால் போதும். நீ யார் மகன் என்று யாரும் கேட்பதில்லை. தென்கொரியாவில் 1990-களின் கடைசியில் ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு சூடுபிடித்தபோது, மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கணினி மையங்களில் உட்கார்ந்தார்கள். இங்கே அந்த மையமே சட்டைப்பையில் வந்துவிட்டது. 2024 ஜூனில் ஹைதராபாத் ஹைடெக்ஸ் அரங்கில் பிஜிஐஎஸ் இறுதிச்சுற்றில் 16 அணிகள் மோதின; தொடரின் மொத்தப் பரிசு 2 கோடி ரூபாய். திருப்பதியிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம்தான். வாசல் திறந்திருந்தாலும் படி உயரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும் விலை உயர்ந்த போனுக்கும், திணறும் மலிவு போனுக்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம் கைநழுவுகிறது. அந்த நேரத்தில்தான் ஆள் சாகிறான்.

பெரிய குறை வேறு. சந்திரகிரி பக்கம் ரங்கம்பேட்டையில் சங்கராந்தியை ஒட்டி ஜல்லிக்கட்டு நடக்கும். கொம்பில் கட்டிய பலகையைப் பறிக்கப் பையன்கள் பாய்வார்கள். அந்த ஆட்டத்துக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. கபடியும் அப்படித்தான்: புரோ கபடி நாளைக்கே மூடினாலும் புறம்போக்கில் கோடு கிழித்து ஆடலாம். பிஜிஎம்ஐ நடப்பதோ பட்டா நிலத்தில். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைபட்டது. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் அதைப் பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றி இந்தியாவுக்கென்றே கொண்டுவந்தது. 2022 ஜூலை 28 அன்று அதுவும் ஆப் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. பத்து மாதம் என்பது பத்தொன்பது வயது ஆட்டக்காரனின் விரல் வேகத்துக்குச் சின்னக் காலமில்லை. அரசு கைவைக்காத இடத்திலும் கதை இதுதான். அமெரிக்காவில் 2018-ல் தொடங்கிய ஓவர்வாட்ச் லீகில் ஓர் ஊர் அணிக்கான இடம் 2 கோடி டாலருக்குப் போனது. விளையாட்டின் சொந்தக்காரக் கம்பெனி நடத்திய அந்த லீக் 2023-உடன் முடிந்தது; அணி வாங்கியவர்களிடம் மிஞ்சியது ஊர்ப் பெயர்.

ஊர்ப் பெயர் என்றதும் நினைவு வருகிறது. சென்னையைச் சேர்ந்த ஸ்கைஸ்போர்ட்ஸ் 2021-ல் வேலரன்ட் விளையாட்டுக்கு நடத்திய லீகில் சென்னை கிளட்சர்ஸ், ஹைதராபாத் நவாப்ஸ் என்று நகர அணிகள் இருந்தன. சித்தூர்க்காரன் எந்தப் பக்கம் கைதட்டுவது? பேச்சு ஒரு பக்கம் இழுக்கும், மாநிலம் இன்னொரு பக்கம் இழுக்கும், பெங்களூரு பஸ் மூன்றாம் பக்கம் போகும்.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. ஹாஸ்டல் அறைக்கும் ஹைடெக்ஸுக்கும் நடுவே மாவட்டம் என்ற படியே இல்லை. அந்த இடத்தை வாட்ஸ்அப் குழுக்கள் நிரப்பின. போன வருஷம் ஒரு குழு இந்த நால்வரிடமும் போட்டி நுழைவுக் கட்டணமாக ஆளுக்கு 50 ரூபாய் வாங்கியது. ரூம் ஐடி ஒன்பது மணிக்கு வரும் என்றார்கள். ஒன்பதரைக்குக் குழுவே இல்லை. 2022 டிசம்பரில் மின்விளையாட்டுக்கு, அதாவது இ-ஸ்போர்ட்ஸுக்கு, மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து வைத்தது. காகிதத்தில் தெளிவான கோடு. என் அக்காவுக்கு ரம்மியும் இதுவும் இன்னமும் ஒன்றுதான். அந்த 200 ரூபாய் போன பிறகு நானும் வாதாடவில்லை.

ஆட்டத்தில் ஜெயிப்பவனுக்கே வருமானம் என்பதும் பாதி உண்மைதான். ஹைதராபாத்தில் கோப்பை தூக்கிய டீம் எக்ஸ்ஸ்பார்க், ஸ்கவுட் என்ற பெயரில் யூடியூபில் புகழ்பெற்ற தன்மய் சிங்கின் அணி. ரசிகர்கள் பின்தொடர்வது ஊரை அல்ல, நேரலையில் வாய் ஓயாமல் பேசும் முகங்களை, பெரும்பாலும் இந்தியில். விளம்பரக்காரனும் அங்கேதான் போகிறான். குறி தப்பாமல் சுட்டாலும் பேச வராத பையனுக்குப் பரிசில் ஒரு பங்கு கிடைத்தால் உண்டு.

இப்போதெல்லாம் ஸ்க்ரிம்ஸ் முடிந்தும் அக்கா மகன் தூங்குவதில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் யாருடைய நேரலையையோ பார்க்கிறான். உதடு லேசாக அசைகிறது. ஆட்டத்தை இன்னும் என்னடா கற்றுக்கொள்கிறாய் என்று கேட்டேன்.

"ஆட்டம் இல்ல மாமா," என்றான். "இந்தி."