கொஞ்சுவதற்கு ஒரு புலி

சரவாக்கின் கூச்சிங் நகரத்துப் பூனைச் சிலைகளைக் காட்டி, ஜோகூரின் பெக்கோக்கிலும் ஒரு குட்டி யானை, ஒரு குட்டிப் புலி வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செலாய் வழியாக என்டாவ்-ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் தாண்டும் ஊராயிற்றே. "பிள்ளைகளுக்குப் பிடிக்குமே" என்பது அவர்களின் கடைசி அஸ்திரம்.

பிடிக்கும்தான். பீடத்தில் ஏறிக் கைநீட்டும் தலைவர் சிலையைவிட, பிள்ளை ஏறி உட்காரும் ஆமை எவ்வளவோ மேல். செலவும் குறைவு. யார் மனமும் புண்படாது.

என் மறுப்பும் அங்கேதான் தொடங்குகிறது. யாரையும் உறுத்தாத விலங்கைச் செய்ய வேண்டுமானால், முதலில் அந்த விலங்கையே துரத்திவிட வேண்டும். ஜோகூரின் காட்டோரத் தோட்டங்களில் யானை என்றால் இளஞ்செம்பனையின் குருத்தைப் பிடுங்கித் தின்பது. பால்மரம் சீவப் போகிறவர் விடியல் இருட்டில் அஞ்சுவது. மலாயாப் புலியோ 150க்கும் குறைவாகவே மிஞ்சியிருப்பதாக 2022இல் தெரியவந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. என்டாவ்-ரொம்பினிலும் ஒருகாலத்தில் திரிந்த சுமத்ரா காண்டாமிருக இனத்தில், மலேசியாவின் கடைசி உயிர் 2019இல் சபாவில் போய்ச் சேர்ந்தது. அதற்கும் கண்சிமிட்டும் சிலை வைப்பார்களா? வைப்பார்கள், முதுகில் உட்கார்ந்து படமெடுக்க வாகாக.

இப்படிச் சிலை வைத்தால் விலங்குகள்மேல் பரிவு வளருமாம். பினாங்கில் 2013இல், தெருவிலங்குகள்மேல் இரக்கம் பிறக்கட்டும் என்று ஜார்ஜ்டவுன் சுவர்களில் பூனைகளைத் தீட்டினார்கள். சிலை இல்லை என்றாலும் அதே செல்லம். 2015இல் ரேபிஸ் வந்ததும் தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது. ஓவியர்களைக் குறைசொல்ல வழியில்லை. சுவரில் கொஞ்சியது தெருவரை வரவில்லை, அவ்வளவுதான்.

நமக்கு விலங்குச் சிலை புதிதா என்ன? புதுக்கோட்டைப் பக்கம் ஐயனாருக்கு வேளார் சுட்டுத்தரும் மண்குதிரை நேர்த்திக்கடனாக வருகிறது. யார் வேண்டிக்கொண்டது, எதற்காக என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். மழையில் சிதைந்தால் சிதையட்டும், அடுத்த புரவியெடுப்பில் வேறொன்று வரும். விழி பிதுங்கப் பல்லைக் காட்டி நிற்கும் அந்தக் குதிரையைக் கண்டு குழந்தை பயப்படும். பயந்துகொண்டே தொட்டும் பார்க்கும். நகராண்மைக் கழகம் குத்தகையாளரிடம் வாங்கி நட்டுவைக்கும் ஃபைபர் குட்டிக்கு இப்படி உரிமைகொண்டாட ஒருவரும் இல்லை. காது உடைந்தால் அது ஒரு புகார் எண், பிறகு ஒரு பூச்சு. கூச்சிங்கின் படுங்கான் சாலைமுனைப் பெரிய பூனைக்குப் பெருநாள்களில் உடை மாட்டுகிறார்களே என்றால், சரி, அந்த ஒன்றை விட்டுவிடுகிறேன். மற்றவை வெறும் அலங்காரம்.

பெக்கோக்கில் வைத்தே தீரவேண்டுமென்றால், எந்த விலங்கு என்பதைச் செலாய்ப் பக்கத்து ஜாக்குன் பழங்குடி மக்களிடமும் தோட்டத்துப் பெரியவர்களிடமும் கேட்கலாம். அவர்கள் சொல்வது அட்டையாகவும் இருக்கலாம், காட்டுப்பன்றியாகவும் இருக்கலாம். அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரியை நான் பார்க்க வேண்டும்.