பிறவிப் பெருங்குடல் விரிவு: ஒரு பெயர் பற்றிய விமர்சனம்

பிறவிப் பெருங்குடல் விரிவு என மருத்துவ நூல்கள் வழங்கிவந்த பெயர் நோயின் காரணத்தையன்றி அதன் விளைவையே சுட்டுகின்றது. 1886 இல் டென்மார்க்குக் குழந்தை வைத்தியர் ஹரால்ட் ஹேர்ஷ்ஸ்பிறங் இரு குழந்தைகளின் விரிந்த பெருங்குடலைப் பேர்லினில் விவரித்தார். அவரது அவதானம் கூர்மையானது. ஆயினும், கண்ணுக்குத் தெரிந்த விரிவே நோயெனக் கொள்ளப்பட்டது. விரிந்த பகுதியை வெட்டியகற்றியும் நோய் மீண்டது. உண்மையிற் குறை, இயல்பானது போலத் தோன்றிய கீழ்க்குடலிலேயே இருந்தது. கருவில் மேலிருந்து கீழ்நோக்கிப் பரவும் நரம்புக் கலங்கள் இடையில் நின்றுவிடின், கீழ்ப்பகுதி திரட்டுக் கலங்களின்றித் தளராது இறுகும். மலந் தேங்கி மேற்பகுதி விரியும். 1948 இல் சுவென்சனும் பில்லும் அக்கீழ்ப்பகுதியை நீக்கும் சத்திரசிகிச்சையை வெளியிட்டனர். காரணம் அதன்பின்னரே சிகிச்சையின் மையமாயிற்று.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. ஏறத்தாழ 5,000 பிறப்புகளுக்கு ஒன்றிற் காணப்படும் இந்நோயில், பெயரை நம்பி வயிறு ஊதும்வரை காத்திருப்போர், முதல் 24 மணித்தியாலத்துள் மலங்கழியாமை என்னும் முதற்குறியைத் தவறவிடுவர். இடையில் தோன்றும் குடலழற்சி உயிரைப் பறிக்கலாம். நேர்குடல் இழையத்தை நுணுக்குக்காட்டியிற் சோதித்தலே நோயை உறுதிசெய்யும். ஆகவே, ‘திரட்டற்ற குடல்’ எனக் காரணத்தைச் சுட்டும் பெயரே தமிழில் நிலைபெறல் வேண்டும். விளைவைக் காரணமென மயங்கும் அறிவு, எத்துறையிலும் தவறான இடத்திலேயே கத்தியை வைக்கும்.